ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு சிக்ஸ்த் ஃபார்ம்: இங்கிலாந்தில் உள்ள தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆட்டிசம் உள்ள, 14 முதல் 19 வயதுக்குட்பட்ட மகனோ மகளோ இருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். இங்கே சொல்லும் கல்விச் சட்டங்கள் இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றிலும் நடைமுறை வேறு. கார்டிஃபில் இருப்பவர்கள் இதைப் பார்த்துக் கவுன்சிலுக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

சிக்ஸ்த் ஃபார்ம் என்றால் ஏ லெவல் படிக்கும் இடம்தானே? ஏ லெவல் எடுக்க முடியாத பிள்ளைக்கு அங்கே என்ன இருக்கிறது?

பெயர் ஒன்றுதான், இடங்கள் பல. ஊரில் ஏ.எல். எடுத்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்பு. இங்கே 12, 13ஆம் ஆண்டுகளைச் சிக்ஸ்த் ஃபார்ம் என்கிறார்கள். சிறப்புப் பள்ளிகளில் 14ஆம் ஆண்டும் இருக்கும், அதாவது 19 வயது வரை. சாதாரணப் பள்ளியின் சிக்ஸ்த் ஃபார்மில் பெரும்பாலும் ஏ லெவலும் பிடெக் (BTEC) என்ற தொழில்சார் படிப்பும் நடக்கும். சில பள்ளிகளுக்குள் ஆட்டிசப் பிரிவு ஒன்று தனியாக உண்டு. சிறப்புப் பள்ளியில் சமையல், பயணம், காசு, வேலை அனுபவம் ஆகியவைதான் முக்கியப் பாடங்கள். 16 வயதுக்கு மேற்பட்டோர் படிக்கும் எஃப்.இ. கல்லூரி பெரிய கட்டடம், சத்தம் அதிகம். ஆனால் என்ட்ரி லெவல் என்ற அடிப்படை நிலை தொடங்கித் தொழிற்படிப்புகள் வரை அங்கே கிடைக்கும். இவை தவிரச் சிறப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. லண்டனில் ஆட்டிசத்துக்கென்றே நடக்கும் அம்பிஷியஸ் காலேஜ் அவற்றில் ஒன்று. மற்றவற்றை நாட்ஸ்பெக் என்ற சிறப்புக் கல்லூரிகளின் கூட்டமைப்பின் பட்டியலில் தேடலாம்.

18 வயது வரை ஏதாவதொரு கல்வியில் அல்லது பயிற்சியில் இருக்க வேண்டும் என்பது 2015 முதல் நடைமுறையில் உள்ள சட்டம். ஆகவே எங்கே போவது என்பதுதான் கேள்வி.

பார்க்கப் போகும்போது அரசின் ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் தரும் தரத்தோடு நின்றுவிடாதீர்கள். "போன ஜூலையில் இங்கிருந்து வெளியேறிய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். வேலை, கல்லூரி, பகல்நேர மையம், வீடு என்று ஒவ்வொருவரையும் தெரிந்து சொல்லும் இடம் நல்ல இடம். பதில் மழுப்பலாக வந்தால் அதுவும் ஒரு பதில்தான். முடிந்தால் மதிய உணவு நேரத்தில் போங்கள். பாடவேளையில் எல்லா இடமும் அமைதியாகத்தான் தெரியும்.

எப்போது தொடங்க வேண்டும்?

9ஆம் ஆண்டில், அதாவது 13–14 வயதில். அந்த ஆண்டிலிருந்து, பிள்ளைக்கான கல்வி, உடல்நலம், பராமரிப்பு உதவிகளைக் கவுன்சில் எழுதித் தரும் ஈ.எச்.சி. திட்டத்தின் ஒவ்வொரு வருடாந்த மீளாய்விலும் வயது வந்த வாழ்க்கைக்குத் தயாராவது பற்றிப் பேசியே ஆக வேண்டும். வேலை, சொந்தமாக வாழ்தல், நட்பும் சமூகமும், உடல்நலம் என்று நான்கு தலைப்புகள். நடைமுறையில் 9ஆம் ஆண்டுக் கூட்டத்தில் "இன்னும் நாள் இருக்கிறதே" என்று இந்தப் பகுதியை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். விட்டுவிடாதீர்கள்.

10ஆம் ஆண்டின் கோடைப் பருவத்துக்குள் இடங்களைப் போய்ப் பாருங்கள். 11ஆம் ஆண்டின் மீளாய்வு இலையுதிர்காலத்திலேயே நடந்தாக வேண்டும். காரணம், பள்ளியிலிருந்து கல்லூரிக்கு மாறுவதானால் புதிய இடத்தின் பெயர் எழுதிய இறுதித் திட்டத்தை அந்த ஆண்டு மார்ச் 31க்குள் கவுன்சில் தர வேண்டும். சாதாரண மீளாய்வுக்கும் கெடு உண்டு: கூட்டம் நடந்து 4 வாரத்தில் முடிவு, திருத்துவதென்றால் 12 வாரத்தில் இறுதித் திட்டம். கெடு தவறினால் அடுத்த நாளே மின்னஞ்சல் அனுப்புங்கள். பொறுமையாகக் காத்திருந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் செப்டம்பரில் இடமில்லாமல் போகிறது.

எங்கள் மகளுக்கு ஈ.எச்.சி. திட்டமே இல்லை. 16 வயதாகிவிட்டது. இனிக் கேட்கலாமா?

கேட்கலாம். 25 வயது வரை உரிமை உண்டு. பெற்றோர், பள்ளி, 16 வயது கடந்த மகள் ஆகியோரில் யார் வேண்டுமானாலும் கவுன்சிலுக்கு எழுதலாம். மதிப்பீடு செய்வதா இல்லையா என்று 6 வாரத்துக்குள் சொல்ல வேண்டும். திட்டம் தருவதானால் கேட்ட நாளிலிருந்து 20 வாரத்தில் முடிக்க வேண்டும். "மதிப்பெண் நன்றாக இருக்கிறதே" என்று மறுப்பது வழக்கம். சட்டம் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. சிறப்புக் கல்வித் தேவை இருக்கிறதா அல்லது இருக்கக்கூடுமா, அதற்குத் திட்டம் தேவைப்படக்கூடுமா என்பது மட்டுமே அளவுகோல். 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டம் 36ஆம் பிரிவு என்று கடிதத்தில் குறிப்பிடுங்கள். இப்சியா என்ற சட்ட உதவித் தொண்டு நிறுவனத்தின் தளத்தில் மாதிரிக் கடிதங்கள் இலவசமாகக் கிடைக்கும்.

திட்டம் கிடைக்கும்வரை கல்லூரி சும்மா இருந்துவிட முடியாது. தன்னால் இயன்ற எல்லா உதவியையும் செய்யும் கடமை அதற்கு உண்டு. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் உண்டு.

திட்டம் கையில் இருக்கிறது, 30 பக்கம். ஆனால் அதில் எழுதியிருப்பது எதுவும் நடப்பதில்லையே?

தர வேண்டிய உதவிகளைச் சொல்லும் எஃப் பகுதியை எடுத்து, மஞ்சள் பேனாவால் இந்தச் சொற்களைத் தேடிக் கோடிடுங்கள்: "வாய்ப்புகள் வழங்கப்படும்", "தேவைப்படும்போது", "பயன் பெறுவார்", "வரை". இவை இருக்கும் வரிகளைக் கவுன்சிலிடம் கேட்டு வாங்க முடியாது. யார், எவ்வளவு நேரம், எத்தனை தடவை, தனியாகவா குழுவாகவா என்று எண்ணோடு எழுதியிருந்தால்தான் அது கடமை ஆகும்.

எடுத்துக்காட்டாக, "சுதந்திரப் பயணத் திறன்களை வளர்க்க வாய்ப்புகள் வழங்கப்படும்" என்ற வரியால் எந்தப் பயனும் இல்லை. "பயணப் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர், வாரம் இரண்டு முறை, தலா 60 நிமிடம், உண்மையான பஸ் வழியில், ஒருவருக்கு ஒருவராக, 12 வாரம், அதன்பின் மாதம் ஒருமுறை சரிபார்ப்பு" என்பது வேறு. பேச்சு மொழி சிகிச்சைக்கும் இதே முறைதான். நேரடி அமர்வு எத்தனை நிமிடம், ஊழியர்களுக்குப் பயிற்சி பருவத்துக்கு எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாக எழுத வேண்டும்.

ஈ பகுதியில் இலக்குகள் இருக்கும். அங்கே "நம்பிக்கை வளரும்" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டுச் செய்கையை எழுதச் சொல்லுங்கள்: "13ஆம் ஆண்டு முடிவில், யாரும் நினைவூட்டாமல், எழுதிய பட்டியலைப் பார்த்து மூன்று உணவுகளைத் தானே சமைப்பார்." இலக்கு இப்படி இருந்தால் அதற்குப் பொருத்தமான உதவியைக் கேட்பது எளிது. ஏ பகுதி பிள்ளையின் சொந்தக் குரல். அதைத் தாய் தந்தை எழுதிக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. பேசாத பிள்ளையாக இருந்தாலும் படங்கள், வீடியோ, தேர்வு அட்டைகள் கொண்டு அவரிடமிருந்தே பெறலாம், பெறவும் வேண்டும்.

16 ஆனதும் முடிவெல்லாம் பிள்ளையுடையது என்கிறார்கள். அவனுக்கு என்ன தெரியும்?

பிள்ளைக்கு 16 வயதாகும் கல்வியாண்டின் ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமையுடன் கட்டாயப் பள்ளி வயது முடிகிறது. அதன்பின் திட்டம் தொடர்பான உரிமைகள் இளைஞருடையவை. கடிதங்கள் அவர் பெயருக்கு வரும், மேல்முறையீடும் அவர் பெயரில்தான். பெற்றோர் விலக வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் விரும்பினால் நீங்கள் எல்லாக் கூட்டத்திலும் இருக்கலாம், அவர் சார்பில் பேசலாம்.

முடிவெடுக்கும் திறன் இல்லை என்றால் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் பொருந்தும். திறன் உண்டு என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நம் கண்ணுக்கு முட்டாள்தனமாகத் தெரியும் முடிவு திறனின்மைக்குச் சான்றல்ல. மதிய உணவைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்குக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் திறன் இல்லாமல் இருக்கலாம். அப்படியிருந்தால் கல்லூரி விஷயத்தில் மட்டும் பெற்றோர் அவருடைய பிரதிநிதியாகச் செயல்படுவர். நம் வீடுகளில் 30 வயது மகனுக்கும் அப்பாதான் பேசுவார் என்பது வேறு கதை. இந்த நாட்டில் அதற்குச் சட்ட மதிப்பு இல்லை.

ஜி.சி.எஸ்.இ.யில் நல்ல பெறுபேறு. ஏ லெவல் தொடங்கியபின் சரிந்துவிட்டாள். ஏன்?

பாடம் கடினமானது என்பது மட்டும் காரணமாக இருப்பது அபூர்வம். 11ஆம் ஆண்டு வரை நாள் முழுவதும் மணியடித்து ஓடுகிறது. 12ஆம் ஆண்டில் கால அட்டவணையில் ஓட்டைகள் விழுகின்றன. "ஸ்டடி பீரியட்" என்பார்கள். எங்கே இருப்பது, எதைச் செய்வது, யாரோடு உட்காருவது என்று சொல்ல ஆளில்லை. காமன் ரூமில் சத்தம். நெடுங்கட்டுரைக்கு ஆறு வாரம் தருகிறார்கள். அந்த ஆறு வாரத்தைத் துண்டு போட யாரும் கற்றுத் தரவில்லை. பள்ளியில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் நடித்துவிட்டு வீட்டுக்கு வந்து வெடிக்கும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், இந்தக் கட்டத்தில்தான் களைத்து விழுகிறார்கள்.

வெற்று வேளைகளையும் அட்டவணையில் நிரப்பித் தரச் சொல்லுங்கள்: எந்த அறை, எந்த மேசை, என்ன வேலை. நீண்ட வேலை ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் வாரக் கெடுக்களை எழுதித் தரட்டும். வாரம் ஒரு முறை 20 நிமிடம் ஒரே ஆளுடன் சந்திப்பு இருக்கட்டும். மூன்று பாடம் தாங்கவில்லை என்றால் மூன்று ஆண்டுகளில் பரவலாக எடுப்பது பற்றிப் பேசலாம்.

தேர்வில் தனி அறை, மேற்பார்வையுடன் இடைவெளி, கணினியில் எழுதுதல் ஆகியவற்றைப் பள்ளியே முடிவு செய்யலாம். தேர்வு வாரியத்தின் அனுமதி தேவையில்லை. 25 சதவீதக் கூடுதல் நேரத்துக்கு மதிப்பீடும் சான்றும் வேண்டும். எல்லாவற்றிலும் ஒரு விதி: அது பிள்ளை வகுப்பில் வழக்கமாகச் செய்யும் முறையாக இருக்க வேண்டும். ஏப்ரலில் கேட்டால் கிடைக்காமல் போவதன் காரணம் இதுதான். கூடுதல் நேரத்தை விட இடைவெளி பல பிள்ளைகளுக்கு அதிகம் உதவுகிறது என்பது எங்கள் எண்ணம். கடிகாரம் நின்றிருக்கும்போது மூளையும் சற்று ஆறும்.

பல்கலைக்கழகம் போனால் ஈ.எச்.சி. திட்டம் அன்றோடு முடிந்துவிடும். அதன் இடத்தில் டி.எஸ்.ஏ. என்ற மாற்றுத்திறன் மாணவர் உதவித்தொகை வரும். குடும்ப வருமானத்தைப் பார்க்காது, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. மாணவர் கடனுக்காக ஸ்டூடன்ட் ஃபைனான்ஸுக்கு விண்ணப்பிக்கும்போதே நோயறிதல் கடிதத்துடன் இதற்கும் விண்ணப்பியுங்கள். இடம் உறுதியாகும்வரை காத்திருந்தால் வழிகாட்டி கிடைக்க நவம்பர் ஆகிவிடும்.

பள்ளிச் சமையலறையில் சமைக்கிறான் என்று சான்றிதழ் தருகிறார்கள். வீட்டில் ஒரு கப் தேநீர் போடத் தெரியவில்லை. யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாக நகர்வதில்லை. பள்ளியில் இருப்பது மின்அடுப்பு, வீட்டில் வாயு அடுப்பு. அங்கே மேசையில் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார்கள், இங்கே மேல் தட்டில் தேட வேண்டும். மூளைக்கு இது வேறு வேலை. ஆகவே திட்டத்தில் "வீட்டிலும் இன்னொரு இடத்திலும் செய்து காட்டுவார்" என்ற வரி இருக்க வேண்டும். பள்ளி தன் பட்டியலை வீட்டுச் சமையலறைப் படங்களோடு மாற்றி அமைத்துத் தர வேண்டும்.

இரண்டாவது காரணம் சங்கடமானது. பல வேலைகளில் கை பிள்ளையுடையது, மூளை பக்கத்தில் நிற்பவருடையது. "இப்ப அரிசியைக் கழுவு… இப்ப தண்ணி… மூடு… சுவிட்ச்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளை கற்பது அரிசி வேகவைப்பதை அல்ல, அம்மாவின் குரலுக்குக் காத்திருப்பதை. சுட்டிக் காட்டுவது, படம், பட்டியல் ஆகியவற்றை மெல்ல எடுத்துவிடலாம். வாய்ச்சொல்லை எடுப்பதுதான் மிகக் கடினம்.

ரைஸ் குக்கரில் சோறு வைப்பதை எடுத்துக்கொள்வோம். நம் வீட்டில் தினமும் நடக்கும் வேலை என்பதால் பயிற்சிக்குப் பொருத்தம். முதலில் நீங்களே ஒருமுறை செய்து, செய்யும் ஒவ்வோர் அசைவையும் எழுதுங்கள். 12 முதல் 15 படிகள் வரும். "அரிசி எடு" என்பது ஒரு படி அல்ல: அலமாரியைத் திற, டப்பாவை இறக்கு, மூடியைத் திருகு, அளவுக் கப்பை நிரப்பு, மேலே தட்டிச் சமப்படுத்து. ஒவ்வொன்றுக்கும் உங்கள் சமையலறையிலேயே எடுத்த படம். தண்ணீர் அளவு "கணக்காக" இருக்கக் கூடாது; சட்டியின் உள்ளே இருக்கும் கோட்டு எண்ணையோ தனிக் கப்பின் எண்ணிக்கையையோ எழுதுங்கள். விரலை விட்டுப் பார்க்கும் அளவை இங்கே மறந்துவிடுங்கள்.

கற்றுத் தருவது கடைசியிலிருந்து. முதல் வாரம் நீங்கள் எல்லாம் செய்து, சுவிட்சை மட்டும் அவர் அழுத்துவார். சரியாக மூன்று நாள் செய்தபின் மூடுவதும் சுவிட்சும். இப்படிப் பின்னோக்கி வந்தால் ஒவ்வொரு நாளும் வேலை அவர் கையில் முடிகிறது. இடையில் நின்றுவிட்டால் உடனே சொல்லாதீர்கள். மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள், பிறகு பேசாமல் படத்தைத் தொட்டுக் காட்டுங்கள்.

மிஞ்சும் சோறும் பாடத்தில் சேரும். ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைப்பது, 24 மணி நேரத்துக்குள் உண்பது, ஒரு தடவைக்கு மேல் சூடாக்காமல் இருப்பது. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு சூடாக்கினாலும் போகாது. "மணந்து பார்" என்று சொல்லிக் கொடுப்பது, மணத்தில் வேறுபாடு தெரியாத பிள்ளைக்குப் பயன்படாது. டப்பாவில் தேதி ஒட்டும் பழக்கம் பயன்படும்.

தனியாகப் பஸ்ஸில் அனுப்பப் பயமாக இருக்கிறது. எப்படிப் பழக்குவது?

பயம் நியாயமானதுதான், அதனால் படிப்படியாகப் போவோம். லண்டனில் ஹாரோவிலிருந்து பின்னர் (Pinner) என்ற இடத்துக்கு 183ஆம் இலக்கப் பஸ் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். எந்த நிறுத்தத்துக்கு முந்தைய அடையாளம் எது என்று அவர் கண்ணால் தேர்ந்தெடுக்கட்டும். பிறகு நீங்கள் இரண்டு வரிசை பின்னால். பிறகு அவர் கீழ்த்தளத்தில், நீங்கள் மேல்தளத்தில். பிறகு நீங்கள் ஏறவே இல்லை. இறங்கும் நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். அதன்பின் போய்ச் சேர்ந்ததும் ஒரு குறுஞ்செய்தி மட்டும். ஒவ்வொரு படியிலும் தொடர்ந்து ஐந்து முறை தவறின்றி நடந்தால் அடுத்தது. ஒரு நாள் தவறினால் ஒரு படி மட்டும் பின்னே வாருங்கள், தொடக்கத்துக்குப் போக வேண்டாம்.

பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எல்லாம் சரியாக நடக்கும் நாளுக்கு மட்டும் பழக்கிவிட்டு, சரியாக நடக்காத நாளில் பிள்ளை நடுத்தெருவில் நிற்கிறது. ஆகவே தவறுகளை வேண்டுமென்றே ஒத்திகை பாருங்கள். நிறுத்தம் கடந்துவிட்டது: அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் போவதா, நடப்பதா? "இந்தப் பஸ் இத்துடன் முடிகிறது" என்று பாதியில் அறிவிக்கிறார்கள். மாற்று வழியில் பஸ் திரும்புகிறது. ஃபோன் செத்துவிட்டது. அட்டையைக் காணவில்லை, லண்டன் பஸ்ஸில் 2014 முதல் காசு வாங்குவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்கை, பையில் ஓர் அட்டையில் எழுதி. வீட்டு எண் ஒன்று மனப்பாடமாக இருக்கட்டும்.

வெளியே தெரியாத குறைபாடு இருப்பதைக் காட்டக் கழுத்தில் அணியும் சூரியகாந்திப் பட்டை 2016இல் காட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது; இன்று ஊழியர்கள் பலருக்கு அதன் பொருள் தெரியும். ஆனால் கெட்டவர்களுக்கும் தெரியும். எப்போதும் கழுத்தில் தொங்க வேண்டுமா, தேவைப்பட்டால் பையிலிருந்து எடுப்பதா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

கவுன்சில் டாக்ஸி தராதா?

16க்குப் பிறகு தானாகக் கிடைக்காது. ஒவ்வொரு கவுன்சிலும் ஆண்டுதோறும் மே 31க்குள் 16க்குப் பிந்தைய போக்குவரத்துக் கொள்கையை வெளியிட வேண்டும், கட்டணமும் கேட்கலாம். முந்தைய ஆண்டு டாக்ஸி வந்ததால் இந்த ஆண்டும் வரும் என்று இருந்துவிட்டு செப்டம்பர் முதல் வாரத்தில் மாட்டிக்கொள்பவர்கள் பலர். மே, ஜூனிலேயே விண்ணப்பியுங்கள். 19 கடந்தபின் தொடங்கும் படிப்புக்குப் போக்குவரத்து அவசியம் என்று கவுன்சில் ஏற்றால் அது இலவசம். லண்டனில் 16+ ஜிப் ஆய்ஸ்டர் அட்டை இருந்தால் 16, 17 வயதில் பஸ் இலவசம்.

கல்லூரி வாரம் மூன்று நாள்தானாம். மற்ற இரண்டு நாள் நாங்கள் வேலையை விடுவதா?

கல்லூரியின் நிதிக் கணக்கு மூன்று நாளில் முடிந்துவிடுகிறது, அதனால் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் சிறப்புக் கல்விக்கான 2015ஆம் ஆண்டின் அரசு நடைமுறைக் கோவை, திட்டம் உள்ள இளைஞருக்குப் பொருத்தமானால் கல்வி, உடல்நலம், சமூகப் பராமரிப்பு மூன்றும் சேர்ந்து வாரத்துக்கு ஐந்து நாள் வரும் தொகுப்பைக் கவுன்சில் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. பத்தி எண் 8.39, அப்படியே மேற்கோள் காட்டுங்கள். மிச்ச இரண்டு நாள் வகுப்பறையாக இருக்க வேண்டியதில்லை. தன்னார்வ வேலை, நீச்சல், பயணப் பயிற்சி எதுவாகவும் இருக்கலாம். கோவிலில் அன்னதானத்துக்குத் தட்டு அடுக்குவதும் வேலை அனுபவம்தான், நேரமும் பொறுப்பும் எழுதி வைத்து நடந்தால். இந்த வாதத்தை மார்ச்சுக்கு முன் பேச வேண்டும். இடம் முடிவான பின் கவுன்சில் கேட்பதாக இல்லை.

சமூகப் பராமரிப்புக்கு 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் 18க்கு முன்பே மதிப்பீடு கேட்கலாம். தானாக வரும் என்று காத்திருக்காமல் கேளுங்கள். பராமரிக்கும் அம்மாவுக்கும் தனி மதிப்பீடு உண்டு.

சப்போர்ட்டட் இன்டர்ன்ஷிப் என்றால் சம்பளமில்லாமல் வேலை வாங்குவதா?

சம்பளம் இல்லை என்பது உண்மை. 16 முதல் 24 வயது வரை, ஈ.எச்.சி. திட்டம் உள்ளவர்களுக்கு, குறைந்தது ஆறு மாதம். பெரும்பகுதி நேரம் உண்மையான வேலையிடத்தில். ஜாப் கோச் ஒருவர் கூட இருந்து, வேலையைத் துண்டு துண்டாகப் பழக்கி, மெல்ல விலகுவார். டி.எஃப்.என். ப்ராஜெக்ட் சர்ச் இதன் பெரிய வடிவங்களில் ஒன்று. 1996இல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் பிறந்த முறை, இங்கேயும் பல மருத்துவமனைகளில் நடக்கிறது. ஜாப் கோச்சுக்கும் பயணத்துக்கும் ஆக்சஸ் டு வேர்க் என்ற அரசு நிதி கிடைக்கலாம்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியது: முடிவில் அந்த நிறுவனத்தில் காலியிடம் உண்டா? கோச் ஒருவருக்கு எத்தனை பேர்? வேலையை அடிக்கடி மாற்றுவார்களா? இன்னொன்று: சம்பள வேலை கிடைத்தால் ஈ.எச்.சி. திட்டம் முடிவுக்கு வரும், அப்ரென்டிஸ்ஷிப் தவிர. வேலை நான்கு மாதத்தில் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

டி.எல்.ஏ. நின்றுவிடுமாமே?

டி.எல்.ஏ. என்பது மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை. 16 வயதில் அதன் இடத்தில் பெரியவர்களுக்கான பி.ஐ.பி. வருகிறது, தானாக மாறாது, விண்ணப்பிக்க வேண்டும். அழைப்புக் கடிதத்தில் உள்ள கெடுவுக்குள் விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை டி.எல்.ஏ. தொடரும். பிள்ளையால் பணத்தைக் கையாள முடியாவிட்டால் பெற்றோரில் ஒருவர் அப்பாயின்டி, அதாவது அவர் சார்பில் உதவித்தொகையைக் கையாள்பவர், ஆகலாம்.

நம் குடும்பங்கள் இங்கே தோற்பது மொழியால் அல்ல, கூச்சத்தால். அதிகாரி முன்னால் "எல்லாம் நல்லாச் செய்வான்" என்று சொல்லிவிடுகிறோம். குளிக்கிறானா? குளிக்கிறான். நீங்கள் மூன்று முறை கதவைத் தட்டி, ஷாம்புவை ஊற்றிக் கொடுத்தபின். அதை அப்படியே சொல்லுங்கள். நினைவூட்டல் தேவைப்படுவதற்கே புள்ளிகள் உண்டு. பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்தில் செய்ய முடிகிறதா என்பதே அளவு. 8 புள்ளி சாதாரணத் தொகை, 12 புள்ளி உயர்ந்த தொகை. ஒரு வாரம் நாட்குறிப்பு எழுதி இணையுங்கள். மொழிபெயர்ப்பாளர் இலவசம், பிள்ளையின் தங்கையை அந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

"பஸ்ஸில் தனியாகப் போகப் பழகினால் பணம் போய்விடும்" என்று பயிற்சியையே தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பழகிய ஒரு வழியில் தனியாகப் போகிறவர், புதிய வழியில் ஆள் இல்லாமல் போக முடியாவிட்டால், அதற்கு மட்டும் 10 புள்ளி. பயிற்சியை நிறுத்தத் தேவையில்லை.

சைல்டு பெனிஃபிட் 20 வயது வரை தொடரலாம்: சராசரியாக வாரம் 12 மணி நேரத்துக்கு மேல், ஏ லெவல் மட்டத்துக்கு மேற்படாத படிப்பு, 19க்கு முன் தொடங்கியிருக்க வேண்டும். படிப்பு தொடர்வதை வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.க்கு நீங்கள்தான் அறிவிக்க வேண்டும்.

18 வயதுக்கு முன் முடிக்க வேண்டிய காகித வேலை என்ன?

2002 செப்டம்பர் 1 முதல் 2011 ஜனவரி 2 வரை பிறந்தவர்களுக்கு அரசு தொடங்கிய சைல்டு டிரஸ்ட் ஃபண்ட் என்ற சேமிப்புக் கணக்கு இருக்கும். 18 வயதில் அது பிள்ளையின் சொந்தப் பணம். அவருக்கு அதை நிர்வகிக்கும் திறன் இல்லையென்றால், நீங்களே போட்ட பணமாக இருந்தாலும், முடிவெடுக்கும் திறன் இல்லாதவர்களுக்கான நீதிமன்றமான கோர்ட் ஆஃப் புரொடெக்ஷன் உத்தரவின்றி எடுக்க முடியாது. 16, 17 வயதிலேயே விண்ணப்பியுங்கள்.

கற்றல் குறைபாடும் இருந்தால், ஜி.பி.யின் கற்றல் குறைபாட்டுப் பதிவேட்டில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். 14 வயதிலிருந்து ஆண்டுக்கொரு முழு உடல் பரிசோதனை கிடைக்கும். ஆட்டிசம் மட்டும் இருந்தால் இந்தப் பதிவேட்டில் சேர்க்க மாட்டார்கள். சிறுவர் மனநலச் சேவையும் பொதுவாக 18இல் கைவிடும். பெரியவர் சேவைக்கான கடிதத்தை 17இல் கேளுங்கள்.

உடல், காதல், இதையெல்லாம் பள்ளி சொல்லித் தருமா? அதை எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை.

சொல்லித் தர வேண்டும். நேரான சொற்களில். "அந்த இடம்" என்று சொன்னால் எந்த இடம் என்று புரியாத பிள்ளைக்கு உறுப்பின் சரியான பெயர் தெரிந்திருப்பது ஒரு பாதுகாப்பு. தனக்கு நடந்ததைப் பிறருக்குச் சொல்ல அது வேண்டும். எந்த அறை தனிமைக்குரியது, யார் எங்கே தொடலாம், "வேண்டாம்" என்றால் என்ன, ஃபோனில் படம் கேட்டால் என்ன செய்வது. மாமாவுக்கு முத்தம் கொடு என்று வற்புறுத்தும் வீட்டில், தொடுவதை மறுக்கும் உரிமையைப் பள்ளி மட்டும் கற்றுத்தர முடியாது. நண்பன் போலப் பழகிக் காசு, வங்கி அட்டை, வீட்டுச் சாவி வாங்குபவர்களைப் பற்றியும் பேச வேண்டும். நட்புக்கு ஏங்கும் இளைஞர்கள்தான் அகப்படுகிறார்கள்.

செப்டம்பரில் நன்றாகப் போனான். அக்டோபர் விடுமுறைக்குப் பின் போக மறுக்கிறான். பெயரை எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். நீங்களாக விலகினால் இடமும் போகும், கவுன்சிலின் அவசரமும் போகும். எழுத்தில் அவசர மீளாய்வு கேளுங்கள். அதுவரை வருகையை வெட்டிக் குறையுங்கள்: ஒரு நாள், ஒரு மணி நேரம், பிடித்த ஒரே பாடம், முடியும் நேரம் முன்கூட்டியே தெரிந்ததாக. காரணத்தைப் பாடத்துக்கு வெளியே தேடுங்கள். கை உலர்த்தும் இயந்திரத்தின் சத்தத்தால் கழிவறைக்கே போகாமல் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். வரிசையில் நிற்க முடியாமல் சாப்பிடாமல் இருப்பார்கள். வழக்கமான உதவியாளர் மாறியிருப்பார். "ஏன் போகவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் வராது, கட்டட வரைபடத்தைக் கொடுத்துப் பச்சை, சிவப்பு அடிக்கச் சொன்னால் வரும்.

கவுன்சில் மறுத்தால்?

மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது மத்தியஸ்த ஆலோசகரிடம் பேசிப் பெறும் சான்றிதழின் தேதியிலிருந்து ஒரு மாதம், இதில் எது பிந்தியதோ அதற்குள் சிறப்புக் கல்வித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஐ பகுதியில் உள்ள இடத்தின் பெயருக்கு மட்டும் மேல்முறையீடு என்றால் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் இடத்துக்கு மட்டும் போவது பெரும்பாலும் தவறு. எஃப் பகுதி மெலிந்திருந்தால் எந்த மலிவான இடமும் அதற்குப் போதுமானதாகத் தெரியும். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, மொழிபெயர்ப்பாளர் தருவார்கள். சென்டியாஸ் என்ற உள்ளூர்ச் சிறப்புக் கல்வி ஆலோசனைச் சேவை இலவசமாக ஆலோசனை தரும்.

19 ஆகிவிட்டது, திட்டத்தை நிறுத்துகிறோம் என்று கடிதம் வந்திருக்கிறது.

வயது மட்டும் காரணமாக முடியாது. 19 கடந்தவருக்குத் திட்டத்தின் கல்வி இலக்குகள் எட்டப்பட்டனவா என்று கவுன்சில் பார்த்தாக வேண்டும். நீங்கள் ஈ பகுதியில் எண்ணோடும் செய்கையோடும் எழுதி வைத்தவை இப்போது கைகொடுக்கும்: மூன்று உணவு என்று எழுதியிருக்கிறது, ஒன்றுதான் சமைக்கிறார் என்று காட்டலாம். கெடுவுக்குள் மேல்முறையீடு செய்தால் தீர்ப்பு வரும்வரை திட்டம் உயிரோடு இருக்கும். உதவியும் தொடர வேண்டும். கல்லூரிக்கு இதைத் தெரியப்படுத்துங்கள். கவுன்சில் தானாகச் சொல்லாது, கல்லூரி இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.